ஸ்டோர்ஸ் ரூமிலிருந்து தெரிந்த கஜானா

சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் போதும், வெளியூர்க்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னைக்கு நீங்க அங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்பார்கள். ராமானுஜர் அவதரித்த ஊர் என்று எங்கள் தாத்தா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் 1991 மே 21-ஆம் தேதி இரவோடு முடிந்துவிட்டது.

நான் அன்று ஊரில் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். அன்று இரண்டாம் ஷிப்ட். எங்கள் ஊரில் ராஜீவ் காந்தி இறந்த செய்தி எங்களுக்கு எட்டும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது, பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லாதவர்கள் எல்லாம் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு ஸ்டோர்ஸ் ரூமிலேயே படுத்தோம். கதை கேட்க வந்தவர்களுக்கு இந்தப் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி என்னிடம் இன்னொரு கதை இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. நாட்டின் கஜானா காலியான கதை அது.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது 1990 செப்டம்பரில் சித்தப்பாவோடு வந்து இறங்கியது. அவர் குவைத்தில் டிரைவர். ஆகஸ்ட் 2-ஆம் தேதி சதாம் உசேனின் படை உள்ளே நுழைந்தபின், பாலைவனத்து வழியாக பஸ்ஸில் ஜோர்டானின் அம்மான் நகரம், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பம்பாய், பம்பாயிலிருந்து ரயிலில் சென்ட்ரல் என்று வந்து சேர்ந்தார். அந்த வருஷம் அப்படி 1,70,000 பேருக்கு மேல் அழைத்து வந்தார்கள். சித்தப்பாவின் ரெக்ஸின் பைக்குள் கொஞ்சம் குவைத் தினார் நோட்டுகள் இருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்கிய எந்த பேங்கும் வாங்கவில்லை. மாசாமாசம் வந்துகொண்டிருந்த டிராஃப்ட் நின்றது. எங்கள் வீட்டில் நின்ற மாதிரியே கேரளத்திலும் ராமநாதபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் நின்றது. கச்சா எண்ணெய் விலையோ ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே போட்டுவைத்திருந்த டெபாசிட்டை உருவ ஆரம்பித்தார்கள். இவ்வளவையும் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தியில் படித்துவிட்டு, "எல்லாம் நான் போய்ச் சேர்ந்த நேரம்" என்பார்.

எனக்கு அது புரிந்தது பேப்பரில் அல்ல, பின் கார்டில். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை தொங்கும், அதுதான் பின் கார்டு. வரவு, பட்டுவாடா, இருப்பு என்று மூன்று கட்டம். இருப்பு எந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாதோ அதைச் சிவப்பு மையில் தலைப்பிலேயே எழுதியிருப்போம். எங்கள் கிரைண்டிங் மிஷின்களின் ஸ்பிண்டிலுக்கு ஜப்பான் பேரிங். அது தீரத் தீர வாங்குவது வழக்கம். வெளிநாட்டுச் சரக்கு வாங்க பேங்கில் எல்.சி. திறக்க வேண்டும். சரக்கு கப்பலேறினால் பணம் தருகிறோம் என்று நம் பேங்க் அவன் பேங்குக்குக் கொடுக்கும் வாக்கு அது. டாலரைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி அந்த வாசலில் காவல் போட்டது. எல்.சி. திறக்கும்போதே முன்பணம் கட்ட வேண்டும். 1990 அக்டோபரில் 50 சதவீதத்தில் ஆரம்பித்த அந்த முன்பணம் 1991 ஏப்ரலில் 200 சதவீதமானது. நூறு ரூபாய் சரக்குக்கு இருநூறு ரூபாயை முதலில் பேங்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கள் முதலாளி அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, "இறக்குமதி பண்ணாதேன்னு நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார். அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

பேரிங்கின் இருப்பு சிவப்பு எண்ணைத் தாண்டிக் கீழே இறங்கியது. கழற்றிப் போட்ட பழைய பேரிங்குகளைப் பொறுக்கி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு குண்டாகத் தேய்த்து, காதோரம் வைத்துச் சுழற்றிச் சத்தம் கேட்டு, தேறியதற்குக் கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டினோம். சத்தம் கேட்பதில் எங்கள் மெயின்டெனன்ஸ் மேஸ்திரி கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுவார். "இது ஒரு மாசம் போவும்", "இது தீபாவளி பாக்காது" என்று ஜோசியம் சொல்வார். பெரும்பாலும் பலித்தது. ஆனாலும் ஜோசியம் உற்பத்தியாகாது. மூன்றாம் ஷிப்டை நிறுத்தினார்கள். தற்காலிகப் பையன்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இந்தச் சமயத்தில் டெல்லியில் பட்ஜெட் போட ஆளில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. காங்கிரசின் வெளியாதரவில் ஓடிக்கொண்டிருந்த சந்திரசேகர் அரசால் முழு பட்ஜெட் தாக்கல் செய்ய முடியவில்லை. நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா மார்ச் 4-ஆம் தேதி இடைக்காலக் கணக்கு ஒன்றை வைத்தார். ராஜீவ் காந்தியின் வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று ஒரு சண்டை. இரண்டு நாள் கழித்து, மார்ச் 6-இல் பிரதமர் ராஜினாமா. இரண்டு கான்ஸ்டபிள்களால் எண்பது கோடிப் பேருக்கு பட்ஜெட் இல்லாமல் போனது என்று எங்கள் அக்கவுண்டன்ட் சொல்வார். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். ஜனவரியில் கொடுத்திருந்த கடன் கரைந்துகொண்டிருந்தது. மேலே கொடுக்க வேண்டுமென்றால் பட்ஜெட் வேண்டும், கையெழுத்துப் போட நிலையான அரசு வேண்டும். இருந்ததோ காபந்து அரசு. சென்னையிலும் ஆட்சி கிடையாது. ஜனவரி 30-ஆம் தேதியே திமுக அரசைக் கலைத்திருந்தார்கள், கவர்னர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

தேர்தல் மே 20, 23, 26 தேதிகளில் என்று அறிவித்திருந்தார்கள். முதல் கட்டம் முடிந்த மறுநாள் எங்கள் ஊரில் குண்டு வெடித்தது. மீதிக் கட்டங்களை ஜூன் 12-க்கும் 15-க்கும் தள்ளிவைத்தார்கள். நரசிம்ம ராவ் பதவியேற்கும்போது ஜூன் 21. கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு தலைவரும் அவரோடு இன்னும் பலரும் செத்துக் கிடந்த இடத்தில் போய் நாள்கணக்கு பேசுவது மரியாதையில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கையிருப்பில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது, அந்த வாரங்களை நான் எங்கள் ஊர்க் கணக்கில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி. இதை ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

தங்கம் போனதும் அந்த நாட்களில்தான். கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை ஸ்டேட் வங்கி வழியாக மே மாதம் சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். வங்கிக்குத் திரும்ப வாங்கும் உரிமையோடு விற்று, சுமார் 20 கோடி டாலர் திரட்டினார்கள். அதுவும் போதவில்லை. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் சொந்தத் தங்கம் கிட்டத்தட்ட 47 டன்னை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பியது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் பாங்க் ஆஃப் ஜப்பானும் அதற்குக் கொடுத்தது 40 கோடி டாலர் சொச்சம். ரிசர்வ் வங்கியில் அப்போது கவர்னர் நாகர்கோவில்காரர் எஸ். வெங்கிடரமணன். துணை கவர்னர் அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன். நம்மூர்க்காரர்கள் இரண்டு பேர் கையில் நாட்டின் நகைப்பெட்டி. ரகசியமாகத்தான் அனுப்பினார்கள். பம்பாயில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தங்கம் ஏற்றிய வண்டி பழுதாகி நின்று, காவலர்கள் துப்பாக்கியோடு சுற்றி நிற்க வேண்டியதாயிற்று என்று பின்னால் படித்தேன். ஜூலை 8-ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியைப் போட்டு உடைத்துவிட்டது.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் சேட்டுக் கடை பழக்கமானது. ஆடியில் விதைநெல்லுக்கு மூன்று சவரன் சங்கிலி உள்ளே போகும், தையில் அறுவடை முடிந்து வெளியே வரும். சேட்டு உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, தராசில் போட்டு, நீளமான சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள். செய்தியைக் கேட்டுவிட்டு அவள் கேட்டது இவ்வளவுதான்: "வட்டி எவ்ளோடா? சீட்டு யார் பேர்ல?" வட்டி எனக்குத் தெரியவில்லை. "கவர்மெண்டு பேர்லம்மா" என்றேன். "எந்த கவர்மெண்டு? போன மாசம் இருந்ததா, இப்ப இருக்கறதா?" என்றாள். நாடாளுமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அடகு வைத்ததும் சீட்டு மீட்டதும் ஒரே வருஷத்துக்குள் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருஷம் முடிவதற்குள் லண்டன் கடனை அடைத்தாகிவிட்டது. இடையில் நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். இரண்டாவது தவணையை நிறுத்தச் சொல்லி புதிய நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரங்கராஜனுக்குப் போன் போட்டபோது அவர் காரியத்தை முடித்துவிட்டிருந்தாராம். இருபத்தொரு ரூபாய்க்கு இருந்த டாலர் இருபத்தாறு ஆனது. 24-ஆம் தேதி பட்ஜெட். அதே நாளில் புதிய தொழிற்கொள்கை. பதினெட்டு தொழில்கள் தவிர மற்றதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம், முக்கியமான பல தொழில்களில் வெளிநாட்டான் 51 சதவீதம் வரை போடலாம். எங்கள் அப்பாவுக்கு அந்த பட்ஜெட்டில் தெரிந்தது உர விலை மட்டுமே. 40 சதவீதம் ஏற்றி, கூச்சல் கிளம்பியதும் 30 ஆகக் குறைத்தார்கள்.

அப்பா யூரியாவைத் திட்டிக்கொண்டிருந்த நிலத்தைச் சுற்றிலும் அடுத்த ஐந்தாறு வருஷத்தில் தொழிற்பேட்டைக்காக சிப்காட் கல் நட்டது. ஹூண்டாய் 1996-இல் வந்தது. அந்த ஜூலை பட்ஜெட் இல்லாமல் அவர்கள் எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. ஆனால் மற்றவர்கள் எழுதாத ஒரு விஷயம் உண்டு. அந்தத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருக்கும்போதே கொரியாவின் கஜானா கவிழ்ந்தது.

1997 கடைசியில் கொரியாவுக்கு டாலர் தீர்ந்துவிட்டது. ஐ.எம்.எஃப். முன்னின்று 5,800 கோடி டாலர் அளவுக்குக் கடன் ஏற்பாடு செய்தது. அதுவரை அவ்வளவு பெரிய கடனை யாருக்கும் ஏற்பாடு செய்ததில்லை. நான் அப்போது அம்பத்தூரை விட்டுவிட்டு, கொரியாக்காரர்களோடு கூடவே வந்த ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஷெட்டுக்குக் கூரை போட்டு முடியவில்லை. பிரஸ் மிஷின்கள் தார்ப்பாய்க்கடியில் நின்றன. அவற்றை நிறுவ வந்த கொரிய இன்ஜினியர்கள் சாயங்காலமானால் ஆபீஸ் ஃபேக்ஸ் மிஷினைச் சுற்றியே நின்றார்கள். ஊரிலிருந்து வரும் தாளைப் பிடுங்கிப் பிடுங்கிப் படிப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த பயம் அது. தலைமைக் கம்பெனி விழுந்தால் இந்த மிஷின்கள் தார்ப்பாயோடே துருப்பிடிக்கும், நாங்கள் அம்பத்தூருக்குத் திரும்பி அதே கேட்டில் நிற்க வேண்டும். "கொரியாவே திவாலாமே, நிலத்த குடுத்தது போச்சா?" என்று ஊரில் அப்பாவிடம் கேட்காதவர் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை டீக்கடையில் ஐ.எம்.எஃப். என்ற சொல்லை முதன்முதலில் நான் கேட்டது அந்தப் பொங்கல் சமயத்தில்தான்.

அவர்களில் ஒருவருக்கு எங்களோடு கொஞ்சம் ஒட்டுதல். சாம்பாரில் பச்சை மிளகாயைத் தேடிக் கடிப்பவர். அரைகுறை ஆங்கிலத்தில், கையையும் சேர்த்துப் பேசுவார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் அவர் சொன்னது: 1998 ஜனவரியிலிருந்து கொரியாவில் ஜனங்கள் வரிசையில் நின்று தங்கத்தை நாட்டுக்குக் கொடுக்கிறார்கள். டி.வி.யில் காட்டுகிறார்களாம். அவர் மனைவி மகனுடைய மோதிரத்தைக் கொடுத்துவிட்டாளாம். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு உறவுக்காரர்கள் தங்க மோதிரம் போடுவது அங்கே வழக்கம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி அந்த மோதிரத்தின் அளவைக் காட்டினார். நம் ஊர்க் குழந்தைக்குப் போடும் அளவுதான். மொத்தம் 227 டன் சேர்ந்தது என்று பிறகு படித்தேன். இந்தியா 1991-இல் இரண்டு தடவையாக அனுப்பியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அங்கே அரசாங்கம் கேட்டு ஜனங்கள் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகப் பணமும் வாங்கிக்கொண்டார்கள் என்றாலும் மோதிரம் திரும்ப வராது. இங்கே ஜனங்களுக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டில் எது யோக்கியம் என்று எனக்கு இன்னும் தீர்ப்பில்லை. எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் சங்கிலியைக் கொடுத்திருப்பாளா? மாட்டாள். சேட்டுக்குத்தான் கொடுத்திருப்பாள்.

மிஷின்கள் தார்ப்பாயை விட்டு வெளியே வந்தன. 1998 செப்டம்பரில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. அதற்கப்புறம் பத்து வருஷம் கஜானாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓவர்டைம் போட ஆள் கிடைக்காததுதான் எங்கள் கவலை. சுங்குவார்சத்திரத்தில் மாட்டுத்தொழுவம் வைத்திருந்தவர்கள் அதை இடித்து மேலே மேலே ரூம் கட்டி, ரூமுக்கு ஆறு பையன் என்று விட்டார்கள்.

2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. அங்கே செய்த மைக்ரா கார் எண்ணூரில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் சின்ன கார்கள் ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருந்தன. சரியாக அந்த மே மாதம் கிரீஸுக்கு முதல் மீட்புக் கடன், 11,000 கோடி யூரோ. ஏதென்சில் அரசாங்க ஊழியருக்குச் சம்பளம் வெட்டினால் ஒரகடத்தில் எனக்கென்ன என்று கேட்கலாம். கிரீஸ் பின்னாலேயே போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி என்று போனது. ஸ்பெயினில் 2012-இல் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் கார் வாங்க மாட்டான். எங்களுக்கு வாராவாரம் வியாழக்கிழமை அடுத்த வார ஷெட்யூல் வரும். ஏற்றுமதி மாடலுக்கான பார்ட் நம்பர்களுக்கு எதிரே எண்கள் இளைக்க ஆரம்பித்தன. முதலில் சனிக்கிழமை போனது. பிறகு கான்ட்ராக்ட் பையன்களின் கார்டு வரிசையாகக் கதவோரப் பலகையிலிருந்து இறங்கியது. வேலை போனதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை, சொன்னாலும் "ஏதென்ஸ்" என்று சொல்ல முடியாது. விழுப்புரத்துப் பையன் ஒருவன், "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் வந்து நின்றான். அவன் ஒரு நாள்கூட லீவு போடாதவன்.

2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியதும், அக்டோபரில் அமெரிக்க காங்கிரஸ் பணம் ஒதுக்க மறுத்து அரசு அலுவலகங்களைப் பதினாறு நாள் பூட்டியதும் எங்களை அவ்வளவாகத் தொடவில்லை. உலகத்துக்கே கடன் கொடுக்கிறவன் கடையைச் சாத்தினான் என்று கேன்டீனில் சிரித்தோம். சிரிப்பு அடுத்த வருஷம் நின்றது.

எங்கள் ஊர் நோக்கியா போன் ஆலையின் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரிந்த விதம் பாதி. 2006-இல் உற்பத்தி தொடங்கி, ஒரு கட்டத்தில் நேரடியாக மட்டும் எண்ணாயிரம் பேர் வேலை பார்த்த இடம். பாதிக்கு மேல் பெண்கள், ராத்திரி ஷிப்ட் பஸ்ஸில் திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சீருடையோடு தூங்கிக்கொண்டு போவார்கள். 2013 ஜனவரியில் வருமான வரிச் சோதனை. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று இரண்டாயிரம் கோடிக்கு மேல் நோட்டீஸ். மாநில அரசு பிற்பாடு தன் பங்குக்கு, ஏற்றுமதி என்று சொன்ன போன்கள் உள்நாட்டிலேயே விற்றவை என்று 2,400 கோடி கேட்டது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் போன் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. சொத்து முடக்கப்பட்டிருந்ததால் சென்னை ஆலையை மாற்றிக் கொடுக்க, 3,500 கோடிக்கு உத்தரவாதம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். தரவில்லை. 2014 ஏப்ரலில் உலகத்தில் மற்ற பல ஆலைகள் கைமாறியபோது இது அனாதையாக நின்றது. நவம்பர் 1-ஆம் தேதி லைன் நின்றது. இரண்டாயிரமும் இரண்டாயிரத்து நானூறும் கேட்டவர்களில் யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வக்கீல் இல்லை. ஆனால் பற்றாக்குறையில் திணறிய இரண்டு அரசாங்கங்கள் ஒரே பசுவை இரண்டு பக்கமும் நின்று கறந்தன என்றே எனக்குத் தோன்றியது. 2018-இல் பின்லாந்து அரசோடு பேசி முடித்தபோது நோக்கியா கட்டியது சுமார் 1,600 கோடி ரூபாய். பூட்டிய ஆலையை சால்காம்ப் எடுத்துத் திறந்தது அதற்கும் பிறகு. இடையில் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? சிலர் எங்கள் கேட்டுக்கு வந்தார்கள். ஐந்து வருஷ அனுபவமுள்ளவர்களைப் பயிற்சியாளர் சம்பளத்துக்கு எடுத்தோம்.

நடுவில் ஒரு வேடிக்கை. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் இருக்கிறது என்றார். மறுநாள் காலை வல்லம் கூட்ரோட்டு டீக்கடையில் எங்கள் லோடுமேன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, எங்க வீட்ல நானும் என் தம்பியும் போன மாசந்தான் தனிக்குடித்தனம் ஆனோம். இப்ப ரெண்டா கட்டணுமா?" ரேஷன் கார்டைப் பொறுத்தது என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அவர் கார்டை இன்னும் பிரிக்கவில்லை, நிம்மதியாகிவிட்டார்.

அடுத்த வருஷம் இலங்கை. எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்டில் ஒரு பையன் இருந்தான். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன், பேச்செல்லாம் மெட்ராஸ் தமிழ். வவுனியாவில் இருக்கிற பெரியம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் வேறு தமிழுக்கு மாறுவான். 2022 மார்ச், ஏப்ரலில் இடைவேளைக்கெல்லாம் அந்தத் தமிழ் கேட்கும். பால்மா இல்லை, காஸ் இல்லை, விடியற்காலையிலிருந்து பெட்ரோலுக்கு வரிசை. ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டான். பெரியம்மா சொன்னார்: "காசு கிடக்குது தம்பி, சாமான்தான் இல்லை." இருநூறு ரூபாய் சொச்சத்துக்கு இருந்த டாலர் முந்நூறைத் தாண்டியிருந்தது. ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கொழும்பு அறிவித்தது. மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து, அரிசியும் பால்பவுடரும் மருந்தும் ஏற்றிய கப்பல் போனது. பையன் அதை போனில் பத்துத் தடவை பார்த்தான்.

எனக்கு அந்த வாரம் இலங்கையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் கொழும்பில் லாரி உதிரிபாகம் விற்கும் ஒரு டீலர். புது வண்டி இறக்குமதியை அவர்கள் 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டதால், ஓடுகிற பழைய வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்ட உதிரிபாகத்துக்குக் கிராக்கி. நாங்கள் பெட்டி கட்டி லேபிள் ஒட்டி ரேக்கில் ஏற்றி வைத்திருந்தோம். அவர் எழுதியிருந்தார்: எங்கள் வங்கியால் எல்.சி. திறக்க முடியவில்லை, தயவுசெய்து சரக்கை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் கமர்ஷியல் மேனேஜர் சின்ன வயசுக்காரர், எம்.பி.ஏ. "பணம் இல்லாதவன் எதுக்கு சார் ஆர்டர் போடறான்?" என்றார். அவருக்கு 1991-இல் வயசு இரண்டோ மூன்றோ. அந்த டீலரிடம் பணம் இருந்தது. கட்டுக்கட்டாக இலங்கை ரூபாய் வைத்துக்கொண்டுதான் அவர் அந்தக் கடிதத்தை எழுதினார். அவர் கடைப் பின் கார்டில் சிவப்பு எண் எப்போது தாண்டியிருக்கும் என்பது முதற்கொண்டு என்னால் சொல்லியிருக்க முடியும். மேனேஜருக்கு முன்பணம், 200 சதவீதம், மண்ணெண்ணெய் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஓகே சார், ஆனா ஸ்டாக்குக்கு வட்டி ஓடுதே" என்றார். தொண்ணூறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தொண்ணூறு முடிந்ததும் நான் பெட்டிகளைப் பின் ரேக்குக்கு மாற்றினேன். அங்கே ஆடிட்டர் ஏணி போட்டு ஏற மாட்டார்.

2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். இலங்கைக்கு 300 கோடி டாலர் கடனை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் எல்.சி. வந்தது. பெட்டிகளை இறக்கிப் பிரித்தோம். மழைக்காலம் ஒன்று தாண்டியிருந்ததில் சிலவற்றில் துரு தட்டியிருந்தது. துடைத்து, கேஜ் வைத்து மறுபடி அளந்து, துரு எண்ணெய் தடவி, புது பாலிதீன் சுற்றினோம். தேறாதவற்றைக் கழித்துவிட்டு எண்ணிக்கையைத் திருத்தி எழுதினேன். லேபிளில் பழைய விலை இருந்தது. அக்கவுண்ட்ஸிலிருந்து, ஸ்டீல் விலை ஏறிவிட்டது, புது விலை போடவும் என்று மெயில். அவர்கள் பணத்தில் அந்தச் சரக்கு ஏற்கெனவே ஒன்றரை மடங்குபோல ஆகியிருக்கும், பழைய விலைக்கே விடலாம் என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் மெயில் போக்குவரத்து நடந்தது. கடைசியில் ஏற்ற நினைத்ததில் பாதியை ஏற்றினார்கள். டீலர் அதற்கும் சம்மதித்து, அடுத்த ஆர்டரையும் சேர்த்தே அனுப்பினார்.